ஒற்றைப் பூ ஜாடி: ஜப்பான் பாணியில் செம்பில் அடிக்கும்போது கழுத்து கிழிகிறது

செந்தூல்தகடு:

வணக்கம். ஜப்பானியத் தேநீர் அறைகளில் வைக்கும் ‘சோரோரி’ என்ற பூ ஜாடி வடிவத்தைச் செம்பில் அடிக்க முயல்கிறேன். பூவேலை, பொறிப்பு எதுவும் கிடையாது. அடியில் சற்று உருண்டு மேலே மெலியும் குப்பி. உயரம் 15 செ.மீ., வயிறு 7 செ.மீ., கழுத்து 2 செ.மீ. ஒட்டு இல்லாமல் ஒரே தகட்டில் வேண்டும்.

கையில் இருப்பது: 1 மி.மீ. செம்புத் தகடு, 0.6 மி.மீ.யில் கொஞ்சம், சமையல் எரிவாயு டார்ச், மணல் பை, மரச் சுத்தியல், உருண்டை முகச் சுத்தியல். பட்டடைக்குப் பதில் லாரி ஆக்சில் துண்டு. வயிறு வரை சிக்கல் இல்லை. தோளிலிருந்து கழுத்துக்குத் திருப்பும்போது விளிம்பில் மயிரிழையாகக் கீறல் தொடங்கி அடுத்த சுற்றில் கீழே ஓடிவிடுகிறது.

1) வட்டத் தகடு எவ்வளவு பெரிதாக வெட்டவேண்டும்? 2) கீறல் ஏன் விழுகிறது? 3) அந்தச் சிவந்த பழுப்பு நிறம் வார்னிஷ் அடிக்காமல் எப்படி வருகிறது? 4) உள்ளே தினமும் தண்ணீர் நின்றால் நிறம் கெடுமா? இருப்பது கோலாலம்பூர் வரிசை வீடு என்பதால் சத்தத்தையும் கவனிக்கவேண்டும்.

---

பறவைவாய்:

கீறலுக்குப் போகும் முன் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோரோரி அடித்துச் செய்யும் ஜாடி இல்லை, வார்த்துச் செய்யும் ஜாடி. ஜப்பானியர் ‘கரக்கனே’ என்னும் வெண்கலத்தில் வார்த்தது. உருகிய உலோகத்துக்குக் கழுத்து 2 செ.மீ. ஆனாலும் 7 செ.மீ. ஆனாலும் ஒன்றுதான், அச்சு விட்ட வழியில் ஓடும். சுத்தியலுக்கு அப்படி இல்லை. 20 செ.மீ. வட்டத்தின் விளிம்பு ஏறத்தாழ 63 செ.மீ. சுற்றளவு. அதை 6 செ.மீ. சொச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு. அவ்வளவு உலோகமும் ஒன்று தடித்து அமரவேண்டும், இல்லையென்றால் மடிந்து கிழியவேண்டும்.

முடியாத காரியம் இல்லை. நிகாத்தா மாநிலத்துச் சுபாமே ஊரில் 1816-இல் தொடங்கிய கியோக்குசென்தோ பட்டறையில் கெண்டியின் மூக்கையும் சேர்த்து ஒரே செம்புத் தகட்டிலிருந்து அடித்து எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் அடிக்கும் பூ ஜாடிகளின் தோளைப் பாருங்கள்: திடீரென்று திரும்பாமல் சரிவாக இறங்கும். உங்களுக்கும் அதுதான் நல்லது. கழுத்தை 2-க்குப் பதில் 3 செ.மீ. வையுங்கள், தோளுக்கு 4 செ.மீ. உயரம் கொடுங்கள். பார்வைக்கு எளிமை குறையாது, வேலை பாதியாகும்.

வட்டத்தின் அளவு: வயிற்று விட்டத்தோடு உயரத்தைக் கூட்டுவது பொது விதி. 7 + 15 = 22 செ.மீ. அது நேர் உருளைக்கான கணக்கு. உங்கள் ஜாடி மேலே மெலிவதால் 20 செ.மீ. போதும், 1 மி.மீ. தகட்டில் ஏறத்தாழ 280 கிராம் செம்பு. 0.6-ஐத் தொடாதீர்கள், அது கழுத்தில் சுருங்காமல் மடியும்.

வெட்டியதும் விளிம்பை அரம் போட்டு, 400 எண் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். கத்தரி விட்ட சிறு பிசிறு ஒவ்வொன்றும் பிறகு கீறலாகும். பாதிப் பேருக்குக் காரணம் இதுவேதான்.

அடிக்கும் இடம் முக்கியம். தகடு பட்டடையைத் தொடும் புள்ளியில் அடித்தால் உலோகம் மெலிந்து நீளும். தொடும் புள்ளிக்கு 5 மி.மீ. மேலே, தகட்டுக்கும் பட்டடைக்கும் நடுவே காற்று இருக்கும் இடத்தில் அடித்தால்தான் சுருங்கும். அடியிலிருந்து சுருள் சுருளாக விளிம்பு வரை ஒரு சுற்று. ஒரு சுற்றில் விட்டம் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தால் போதும், பேராசை வேண்டாம். 20-லிருந்து 7-க்கு 8 சுற்று, 7-லிருந்து 2-க்கு இன்னொரு 10 சுற்று. 3 செ.மீ. கழுத்து என்றால் அந்த 10 ஆறு, ஏழாகக் குறையும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு காய்ச்சி இளக்கியே ஆகவேண்டும்.

எப்போது காய்ச்சுவது என்பதைக் காது சொல்லும். இளகிய செம்பு ‘தொப்’ என்று கேட்கும். இறுகியது ‘கணீர்’ என்னும். கணீர் வந்த பிறகு பத்து அடி கூட அடிக்கவேண்டாம்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் வாய் மேலே பார்க்க ஜாடியை மணல் பையில் நிறுத்தி, விளிம்பின் மேலேயே இலேசாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். விளிம்பு 1.5 முதல் 2 மி.மீ. வரை தடிக்கும். தடித்த விளிம்பு எளிதில் கிழியாது. பூவேலை இல்லாத ஜாடியில் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். வாய் மெலிந்த ஜாடி தகர டப்பா போல இருக்கும்.

மடிப்பு விழுந்தால் அது அலையாக இருக்கும்போதே அடித்து அமுக்குங்கள். ஒரு மடிப்பின் மேல் மற்றொன்று ஏறிவிட்டால் திரும்ப வழியில்லை. கீறல் தெரிந்த உடனே அது முடியும் இடத்துக்கும் 2 மி.மீ. கீழே வரை அரத்தால் ‘ப’ வடிவில் அகற்றி மழுக்குங்கள். உயரம் கொஞ்சம் குறையும், ஜாடி பிழைக்கும்.

காய்ச்சும் சூடு 600 முதல் 650 டிகிரி, மங்கிய சிவப்பு. நம் ஊர் மதிய வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது 800-ஐத் தாண்டியிருக்கும். செம்புக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்து, மேல் பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும். நிழலில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள். சிவந்ததும் தண்ணீரில் போடலாம், இரும்பைப் போலச் செம்பு இறுகாது. காய்ச்சும்போது படியும் கருமையை எடுக்க, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீர் போதும். அதில் இரும்புக் குறடை விடாதீர்கள்.

இன்னொரு சந்தேகம் இருக்கிறது. அந்தத் தகடு எதிலிருந்து வந்தது?

சத்தத்துக்கு: சுபாமேக்காரர்கள் தடித்த கெயாக்கி மரக் கட்டையில் துளை போட்டு, ‘தோரிகுச்சி’ என்கிற இரும்புக் கழியைச் செருகி அதன் மேல் அடிப்பார்கள். ‘பறவை வாய்’ என்று பொருள். இங்கே மெர்பாவ் கட்டை 40 செ.மீ. உயரத்துக்குக் கிடைத்தால் போதும். அடியில் ரப்பர் பாய், அதன் கீழே மணல் நிரப்பிய டயர். ஆக்சில் துண்டைச் சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும்.

---

செந்தூல்தகடு:

நன்றி அண்ணே. தகடு பழைய மின்பலகையில் இருந்த பட்டையைத் தட்டி விரித்தது. அதனால் என்ன?

---

பறவைவாய்:

அதுதான் குற்றவாளி. மின்கடத்தும் செம்பில் கொஞ்சம் பிராணவாயு ஆக்சைடாகக் கலந்திருக்கும். மின்சாரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. டார்ச்சில் காற்று போதாமல் மஞ்சள் நுனியோடு எரியும் தீயில் காய்ச்சினால் ஹைட்ரஜன் செம்புக்குள் புகுந்து அந்த ஆக்சைடோடு சேர்ந்து நீராவியாகும். நீராவிக்கு வெளியே வர வழியில்லை. மணிகளுக்கு நடுவே உள்ளிருந்து பிளக்கும். ஒரு தடவை காய்ச்சினால் தெரியாது, பத்துத் தடவை காய்ச்சினால் பிஸ்கட்.

சோதனை சுலபம். 1 செ.மீ. அகலத்தில் ஒரு கீற்று வெட்டி, வழக்கம்போல நாலு முறை காய்ச்சி, முழுக்க மடித்துப் பிரியுங்கள். நல்ல செம்பு பல தடவை தாங்கும். இது ஓரிரண்டு மடிப்பிலேயே உடைந்து, உடைந்த முகம் சர்க்கரை போலப் பொரபொரப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாஸ்பரஸ் போட்டுப் பிராணவாயு நீக்கிய செம்பு வேண்டும். தண்ணீர்க் குழாய், ஏர்கான் குழாய் எல்லாம் அந்த வகைதான். அங்கேயே ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: 54 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர் உள்ள செம்புக் குழாய். சுற்று முழுக்க ஒட்டே கிடையாது. அடிச்சுற்றைக் கொஞ்சம் விரித்து, மேலே கழுத்தைச் சுருக்கினால் 54-லிருந்து 20-க்கு 8 சுற்றுதான். கடைசியில் அடித்தட்டை ஒட்டலாம். ‘ஒரே தகடு’ என்ற பெருமை போகும். கை பழக இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அடித்தட்டை ஒட்ட, ஏர்கான்காரர்கள் பயன்படுத்தும் செம்பு-பாஸ்பரஸ் கம்பி போதும். செம்போடு செம்பு ஒட்ட வெங்காரம்கூட வேண்டாம், 800 டிகிரியை ஒட்டி ஓடும். ஒட்டிய இடத்தை அதன்பின் அடிக்காதீர்கள், அது சுத்தியலைத் தாங்காது. மின் வேலைக்கான ஈயப் பற்றாசை மட்டும் பட்டறைப் பக்கமே கொண்டுவரவேண்டாம். அதன் ஒரு சொட்டு ஒட்டியிருக்கும்போது செம்பைச் சிவக்கக் காய்ச்சினால் குழி குழியாகத் தின்றுவிடும்.

கழுத்து ஒடுங்கிய பிறகு உள்ளே பட்டடை நுழையாது. அப்போது உள்ளே அரக்கு நிரப்புங்கள். நம் தட்டார்கள் வைப்பதே போதும். ஜப்பானியர் பைன் பிசினில் மண்தூளும் எண்ணெயும் கலப்பார்கள். நிரப்பி ஆறவிட்டு, கண்ணாடி போல மெருகேற்றிய சுத்தியலால் பாதிக்குப் பாதி மேலேறும்படி மெல்லத் தட்டி வந்தால் பரப்பு சமமாகும். அரக்கை எடுக்கும்போது வாய்ப் பக்கத்திலிருந்து சூடு காட்டுங்கள். அடியை முதலில் சூடாக்கினால் உள்ளே உருகியது வெளியேற வழியில்லாமல் வெடித்துச் சிதறும். கையிலும் முகத்திலும் படும் அரக்கு தோலோடுதான் வரும்.

சுத்தியல் தடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்றால் இந்தக் கடைசித் தட்டலில் வரும் தடம் மட்டும்தான் அழகு. சுருக்கும்போது விழுந்த தடத்தை அப்படியே விட்டுக் ‘கைவேலை’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

---

களிம்பு_ஜெலுத்தோங்:

நிறத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்டது சாயம் இல்லை, ‘நி-இரோ’. கொதிக்கவைத்து வரும் நிறம் என்று பொருள். செம்பின் மேல் பரப்பிலேயே மெல்லிய ஆக்சைடுப் படலம் வளர்ப்பது. மேலே ஒன்றும் பூசுவதில்லை, அதனால்தான் அடியில் உள்ள மெருகு அப்படியே தெரியும். கீறலும் அப்படியே தெரியும்.

கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ‘ரொக்குஷோ’ 5 கிராம், மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) 5 கிராம். ரொக்குஷோ என்பது பதப்படுத்திய செம்புக் களிம்பு. ஜப்பானிய உலோகக் கலைப் பொருள் விற்பவர்களிடம் பொடியாகக் கிடைக்கும். புளிக்குழம்புப் பாத்திரத்தில் சுரண்டிய களிம்பைப் போட்டுப் பார்க்கவேண்டாம், நிறம் கோணலாகும்.

முதல் வேலை சுத்தம். 1000, 1500, 2000 என்று நீர் உப்புத்தாளில் ஏறி, ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்தது. கடைசியில் சோடா மாவும் நுண்ணிய படிகக்கல் பொடியும் சேர்த்து விரலால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக ஒதுங்காமல் முழுப் பரப்பிலும் படலமாக நிற்கவேண்டும். எங்காவது ஒதுங்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அதன்பின் விரல் படக்கூடாது. படவே கூடாது. விரல்ரேகையோடு நிறம் வரும்.

கரைசலில் விடும் முன் துருவிய வெள்ளை முள்ளங்கியை மேலே பூசி எடுப்பது பழைய முறை. பசாரில் ‘லோபாக் புத்தே’ என்று கேட்டால் கொடுப்பார்கள். முள்ளங்கிச் சாறு படிந்த பரப்பில் நிறம் திட்டுத் திட்டாக ஏறாமல் சீராக ஏறும்.

பாத்திரம் செம்பு அல்லது வெப்பம் தாங்கும் கண்ணாடி. இரும்பும் அலுமினியமும் ஆகாது. மயில்துத்தத்திலிருந்து செம்பு அதன்மேல் படியத் தொடங்கும், கரைசல் வீண். ஜாடியைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல், கொதி நிலைக்குச் சற்றுக் கீழேயே வைத்து ஓயாமல் அசையுங்கள். வாய் மேலே இருக்கட்டும், உள்ளே காற்றுக்குமிழி தங்கவேண்டாம். அரை மணி நேரத்தில் ஆரஞ்சு, பிறகு செம்மண், பிறகு பழுப்பு. நிறம் மனத்துக்குப் பிடித்த கட்டத்தில் எடுத்து வெந்நீரில் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, சூடு ஆறும் முன் தேன்மெழுகை மிக மெல்லிசாகத் தடவுங்கள். ஆவியாகும் தண்ணீரை அவ்வப்போது ஊற்றிச் சரிக்கட்ட மறந்தால் கரைசல் தடித்துக் கருமை ஏறும்.

கெட்டுப்போனால் திருத்த முடியாது. முழுக்கத் தேய்த்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அதனால் அதே தகட்டில் வெட்டிய துண்டு ஒன்றை முன்னாலேயே விட்டுப் பாருங்கள்.

பறவைவாய் சொன்ன அடித்தட்டு ஒட்டு இங்கே காட்டிக்கொடுக்கும். பாஸ்பரஸ் கம்பி ஓடிய கோடு செம்பின் நிறத்தை எடுக்காமல் சாம்பல் கோடாக நிற்கும். அடித்தட்டைக் குழாயின் உள்ளே நுழைத்து 1 மி.மீ. உள்வாங்கி ஒட்டினால் கோடு அடிப்பக்கம் போய்விடும்.

‘ஷக்குதோ’வின் கருநீலக் கருமைக்கு ஆசைப்படுவீர்கள். அது செம்பில் 4 விழுக்காடு அளவுக்குத் தங்கம் சேர்த்த கலவை, அதே கொதிநீரில்தான் கருக்கும். 280 கிராம் ஜாடிக்கு 11 கிராம் தங்கம். சாம்பல் நிற ‘ஷிபுஇச்சி’க்குக் கால் பங்கு வெள்ளி, 70 கிராம். வாள் உறுப்புக்கும் சிறு பதிப்புக்கும் பொருத்தமானவை. 1876-இல் வாள் அணியத் தடை வந்தபிறகு அந்தக் கொல்லர்கள் இதே கலவைகளைப் பூ ஜாடிக்கும் பெட்டிக்கும் கொண்டுவந்தார்கள். கற்றுக்கொள்ளும் ஜாடிக்கு வெறுஞ்செம்பே போதும்.

இதெல்லாம் நஞ்சு. சமையலறையில் வேண்டாம், கையுறை, திறந்த இடம். முடிந்த கரைசலை வீட்டுக் கால்வாயில் கொட்டாதீர்கள். சலவைச் சோடா போட்டால் பச்சை வண்டலாக இறங்கும். வடிகட்டி, வண்டலைத் தனியே கட்டி இரசாயனக் கழிவோடு கொடுங்கள்.

---

பொன்_மூவார்:

பொட்டாசியம் சல்பைடு வாங்கி வெந்நீரில் கலந்து முக்கினால் ஒரு நிமிடத்தில் பழுப்பு. எதற்கு இத்தனை பாடு?

---

களிம்பு_ஜெலுத்தோங்:

ஒரு நிமிடத்தில் பழுப்பு, இரண்டாவது நிமிடத்தில் கருப்பு, மூன்றாவது நிமிடத்தில் செதில் செதிலாக உதிரும். அது சல்பைடுப் படலம். பொறித்த வேலையின் பள்ளத்தைக் கருக்க நல்லது. பள்ளமே இல்லாத வழவழப்பான ஜாடியில் மேகம் மேகமாகத் தெரியும். நிறத்துக்குள் சிவப்பும் இருக்காது. அவசரம் என்றால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் செந்தூல்தகடு கேட்டது அந்த நிறத்தை இல்லை.

ஜப்பானில் வெண்கல வார்ப்புக்குப் பேர்போன தக்காவோக்கா ஊரில் இன்னும் வேறு வழிகளும் உண்டு. அரிசித் தவிடு கலந்த பசையைப் பூசித் தீயில் சுடுவது, இரும்பை ஊறவைத்த காடிநீரைச் சூடான உலோகத்தின் மேல் தூரிகையால் திரும்பத் திரும்பத் தடவுவது. அவை தடித்த வார்ப்புக்காக வளர்ந்த முறைகள். 1 மி.மீ. தகட்டை அந்தச் சூட்டில் காட்டினால் நெளியும். அதே ஊரின் ஓரி பட்டறை மெல்லிய தகட்டுக்கும் அந்த நிறங்களைக் கொண்டுவந்திருக்கிறது. நீலமும் பச்சையும் கலந்த அவர்களுடைய தகடுகளைப் படத்திலாவது பாருங்கள்.

---

ஒருதண்டு:

நான்காவது கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பூ வைப்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி.

வெறும் தண்ணீரால் உள்பக்கத்துக்குக் கேடு இல்லை. பூக்கடையில் பொட்டலமாகத் தரும் பூ உணவுதான் எதிரி. அதில் அமிலம் இருக்கும். படலத்தைத் தின்று பச்சை பூக்கவைக்கும். உலோக ஜாடியில் அதைப் போடவே கூடாது. வெளியே வழிந்த தண்ணீரை உடனே ஒற்றுங்கள். காய்ந்த சொட்டு வட்டமாக நிற்கும். கவலையாக இருந்தால் ‘ஒத்தோஷி’ என்று உள்ளே செருகும் மெல்லிய குழல் செய்துகொள்ளுங்கள். மூங்கில் ஜாடிக்கும் கூடைக்கும் ஜப்பானில் வழக்கமாக வைப்பார்கள். உங்கள் கழுத்துக்கு 15 மி.மீ. சோதனைக்குழாய் சரியாக இறங்கும்.

தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டாம் நாளே வாடை வரும். அதைவிட, ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டுக்குள் பூ ஜாடியில் புழு இருந்தாலும் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள். வாய் 2 செ.மீ. இருந்தால் உள்ளே தெரியாது, புட்டித் தூரிகை வாங்கிவையுங்கள்.

இனி வடிவம். அடித்தட்டு 5 செ.மீ.க்குக் குறையவேண்டாம். நடுவை 1 அல்லது 2 மி.மீ. உள்ளே குழித்துவிடுங்கள், அப்போது விளிம்பில் மட்டும் நிற்கும், ஆடாது. ஜாடி 280 கிராம்தான், தண்ணீர் 250 மில்லி ஊற்றினால் எடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாதித் தண்ணீரில் நீளமான ஆர்க்கிட் தண்டை வைத்தால் ஒரு பக்கம் சாயும். சந்தேகம் இருந்தால் அடியில் நாலு கூழாங்கல்.

‘கென்சான்’ என்னும் முள்பலகை இதற்குள் போகாது, தேவையும் இல்லை. தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி உள்சுவரில் முட்டுக் கொடுங்கள். கழுத்தில் தளர்ந்தால் அதே செடியின் குச்சியை 2 செ.மீ. வெட்டிக் குறுக்கே இறுக்குங்கள். தண்டை எப்போதும் தண்ணீருக்குள் வைத்தே வெட்டவேண்டும், காற்று ஏறினால் மதியத்துக்குள் தலை தொங்கும்.

தேநீர் அறை ஒழுங்கில் உலோக ஜாடிதான் மிக உயர்ந்த வரிசை, ‘ஷின்’. வெண்கலமும், செலடான் என்னும் பச்சை மெருகுப் பீங்கானும் அதில் சேரும். மூங்கிலும் சுடுமண்ணும் கடைசி வரிசை. உலோக ஜாடியை வெறும் தரையில் வைக்காமல் அரக்குப் பூசிய மெல்லிய பலகை மேல் வைப்பார்கள். கோடையில் அங்கே ‘முகுகே’ வைப்பது வழக்கம். ஒரு நாள் மட்டும் மலரும் பூ. நம் செம்பருத்தியின் இனம்தான் அது. வாசலில் 1960 முதல் தேசியப் பூவாக நிற்கும் ‘புங்கா ராயா’ செம்பருத்தியை விட்டுவிட்டு இறக்குமதி லில்லிக்கு அலைய வேண்டாம். விடியலில் மொட்டோடு ஒரு இலை சேர்த்து வெட்டி வைத்தால் போதும். சம்பங்கியும் நன்றாக நிற்கும். மல்லிகை இதற்கு ஆகாது, அதற்குத் தண்டு கிடையாது.

பூவின் உயரம், வாய்க்கு மேலே, ஜாடி உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள். எனக்கு ஒரு மடங்கே பிடிக்கும்.

---

வெள்ளீயம்:

வடிவம் சோரோரியாகவே இருக்கவேண்டும் என்றால் அடிக்காதீங்க, வார்த்துச் செய்யுங்கள். அதுவும் செம்பிலே வேண்டாம், வெள்ளீயத்திலே. நாம் இருக்கிற ஊரே வெள்ளீயம் தோண்டி எழுந்த ஊர், 1857-இல் அம்பாங் பக்கம் தோண்டப் போனவர்கள் இறங்கிய இடம்.

தக்காவோக்காவுக்கு 1611-இல் மாயேதா தோஷினாகா என்ற பிரபு ஏழு வார்ப்பர்களை அழைத்துக் குடியமர்த்தினார். வெண்கல வார்ப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதே ஊரில் 1916-இல் தொடங்கிய நோசாக்கு பட்டறை இன்று கலப்பே இல்லாத வெள்ளீயத்தில் ஒற்றைப் பூ ஜாடி செய்கிறது. கையால் வளைக்கலாம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பார்க்கும் பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவை வேறு. அதில் கடினம் வர ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்திருக்கும். ஜாடிக்கு இரண்டும் ஆகும்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், கேஸ் அடுப்பு போதும். 270-லிருந்து 300-க்குள் ஊற்றுங்கள். அதற்குக் குறைந்தால் கழுத்து நிரம்பும் முன்பே உறைந்து சுருக்கம் விழும். மிஞ்சினால் மேலே ஆடை அதிகமாகும். சுவர் 3 மி.மீ.க்குக் குறையவேண்டாம். மணல் அச்சில் ஈரம் கைப்பிடியில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுதான். உடைத்தால் சுத்தமாக இரண்டாகப் பிளக்கவேண்டும். விரலில் தண்ணீர் ஒட்டினால் ஊற்றாதீங்க, ஆவி பிடித்து மேலே கக்கும். உள்கருவுக்கு மணலில் சோடியம் சிலிகேட் கலந்து கரியமிலவாயு விட்டு இறுக்கலாம். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் குத்தி எடுப்பது பொறுமை வேலை.

பழைய பற்றாசுக் கம்பியை உருக்கிச் சேர்க்கவே வேண்டாம், பாதிக்குப் பாதி ஈயமாக இருக்கும். ஒன்று மட்டும் நமக்குச் சௌகரியம்: வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் சாம்பல் பொடியாக மாறும் நோய் உண்டு. கேமரன் மலையில் வைத்தால்கூட அந்தப் பயம் பெரிதாக இல்லை.

---

புதுக்கை:

இடையில் ஒரு கேள்வி. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ‘ஜப்பான் வெண்கலம்’ என்று பழைய ஜாடிகள் வருகின்றன. ஒன்றை வாங்கிப் பார்த்துப் படிக்கலாமா?

---

பறவைவாய்:

படிக்கலாம், விலைக்கு ஏமாறாமல். காந்தம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசியால் கீறுங்கள்: மஞ்சள், சிவப்பு தெரிந்தால் செம்புக் கலவை, வெள்ளை தெரிந்தால் துத்தநாகம் அல்லது ஆண்டிமனி வார்ப்பின் மேல் நிறம் பூசியது. உள்ளே விரல் விட்டால் வார்த்த ஜாடியில் உள்கருவின் சொரசொரப்பு இருக்கும். நிறையப் பழைய ஜாடிகளில் அடித்தட்டைத் தனியே ஈயப் பற்றாசால் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் ஒழுகுவது அங்கேதான். சூடு காட்டி ஒட்டப் போனால் நிறம் போச்சு. உள்ளே தேன்மெழுகை உருக்கி ஊற்றிச் சுழற்றிவிட்டால் போதும், இல்லையென்றால் ஒருதண்டு அக்கா சொன்ன சோதனைக்குழாய்.

பார்த்துப் படிக்க இன்னும் நல்லது அருங்காட்சியகப் படங்கள். தக்கமுரா தோயோச்சிக்கா (1890–1972) வார்த்த ஜாடிகளில் வாயும் அடியும் எப்படி முடிகின்றன என்று கவனியுங்கள். 1926-இல் ‘முகெய்’ என்ற கைவினைக் கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்; 1964-இல் வார்ப்புக்காக வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தார்கள். சுத்தியல் வேலைக்குச் சுபாமேயின் தமாகவா நோரியோ (2010-இல் அதே சிறப்பு), வெள்ளி ஜாடிகளுக்கு ஓசுமி யூகியே (2015). ஓசுமியின் ஜாடிகளில் காற்றும் அலையும் போலப் பதித்த வேலை மேலே இருந்தாலும், அடியில் உள்ள உருவம் வெறும் உருண்டைதான்.

---

செந்தூல்தகடு:

கீற்றை மடித்துப் பார்த்தேன் அண்ணே. இரண்டாவது மடிப்பில் உடைந்தது, உள்ளே சர்க்கரை. 54 மி.மீ. குழாய்க்கே போகிறேன், கழுத்து 3 செ.மீ. கடைசியாக ஒன்று: குழாயின் அடிப்பக்கத்தை விரிப்பது எப்படி? உள்ளே பெரிய பட்டடை போகாதே.

---

பறவைவாய்:

அடித்தட்டை ஒட்டும் முன், கழுத்தைச் சுருக்கும் முன், அதுதான் முதல் வேலை. 16 செ.மீ. வெட்டி இளக்குங்கள். உருண்டை முனையுள்ள 30 மி.மீ. இரும்புக் கழியை மரக் கட்டையில் கிடையாகச் செருகி, குழாயை அதில் மாட்டி, உள்ளிருந்து கழியின் முனை அழுத்தும்படி நைலான் சுத்தியலால் வெளிப்பக்கத்தில் தட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் கழியைத் தொடும் புள்ளியிலேயே அடிக்கவேண்டும், இங்கே உலோகம் நீளவேண்டும் அல்லவா. 54-லிருந்து 62 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், சுவர் 1 மி.மீ.க்கும் கீழே மெலிந்துவிடும். வயிறு அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் மிக அகலமாக இருக்கட்டும், அடியை மறுபடி 52-க்குச் சுருக்கிவிட்டால் அடித்தட்டு உள்ளே உட்கார ஒரு படி கிடைக்கும். பிறகு கழுத்து.